பல் கணக்கும் பாட்டாளி வாழ்வும்

நாமக்கல் பட்டறை ஒன்றிலே புதிய லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள். சம்மட்டி ஒலி காதைப் பிளக்கிறது. பற்றவைப்போர் கண்ணெதிரே பொறி பறக்கிறது. நெற்றியில் என்ன பெயர் எழுதுவது என்று ஒரு மணி நேரம் பேச்சு. மஞ்சளா, சிவப்பா என்று அரை நாள் விவாதம். மணி எங்கே, மாலை எங்கே, கண்ணாடிக்குக் கீழே எந்தப் படம் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது!

ஒன்றே ஒன்றைத்தான் எவரும் கேட்கவில்லை. பின் அச்சின் கூண்டுக்குள்ளே கிரவுனுக்கு எத்தனை பல், பினியனுக்கு எத்தனை பல்? கீழே மாட்டும் டயர் ஒரு சுற்றுக்கு எத்தனை அடி உருளும்? கேட்க வேண்டியவர் ஓட்டுநர். கேட்கும் உரிமை இல்லாதவரும் அவரே!

"சேசிஸ் வாங்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்றார் ஓர் ஓட்டுநர் நம்மிடம். இருபது ஆண்டு ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. "முதலாளி விலையைப் பார்த்தார், மைலேஜைப் பார்த்தார். நான் ஏறப்போற மேட்டை யாருங்க பார்த்தது?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பொறியியல் பட்டம் பெற்றோருக்கு மட்டுமே புரியும் மந்திரமா இது? இல்லை, தோழர்களே! கூட்டலும் பெருக்கலும் தெரிந்தவர் எவரும் போடக்கூடிய கணக்கு. போட்டே பார்ப்போம்.

டயரின் பக்கத்திலே 295/80 ஆர் 22.5 என்று பொறித்திருக்கிறது. அகலம் 295 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு 80 பங்கு பக்கச் சுவரின் உயரம், அதாவது 236. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 472. நடுவிலே 22.5 அங்குல ரிம், 571.5 மில்லிமீட்டர். மொத்த உயரம் 1,043 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சுமை ஏறியதும் கொஞ்சம் அமுங்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.2 மீட்டர் உருளும். பழைய 10.00–20 டயரும் உயரத்தில் ஏறக்குறைய இதேதான். "இருபதை எடுத்துவிட்டு இருபத்திரண்டரை போட்டேன், சக்கரம் பெரிதாயிற்று" என்று எண்ணுவோர் ஏமாறுகிறார்கள். அந்த எண் ரிம்மின் அளவு. டயரின் உயரம் அன்று!

இனி வேகத்துக்கு வருவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். சக்கரம் நிமிடத்துக்கு 312 சுற்றுச் சுற்றுகிறது. கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 6 பல் என்றால் விகிதம் 6.83. டாப் கியரிலே நேரே கடத்தும் வண்டியாக இருந்தால், இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,135 சுற்றுச் சுற்ற வேண்டும். 41க்கு 7 என்றால் விகிதம் 5.86; சுற்று 1,830. 37க்கு 9 என்றால் விகிதம் 4.11, சுற்று 1,285 போதும்.

இன்றைய லாரி இன்ஜின்களில் பல, 1,200 முதல் 1,600 சுற்றுக்குள்ளேதான் முழு இழுவை தருகின்றன. அப்படியானால் 4.11தான் சிறந்ததா? அவசரப்படாதீர்கள்! பார்சல் ஏற்றிச் சமவெளிச் சாலையிலே ஓடும் வண்டிக்குச் சிறந்தது. கிருஷ்ணகிரிக் கல் ஏற்றிக் குவாரியின் மண் மேட்டிலே முனகும் வண்டிக்கு? அங்கே 6.83 கொடுக்கும் இழுவை, அதே கியரில் 4.11 கொடுப்பதைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஓடுவதற்குச் சிறுத்த எண். இழுப்பதற்குப் பெருத்த எண். ஓடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் இடையிலே ஓர் எண். எந்தச் சுமை, எந்தச் சாலை, எந்த வேகம் என்ற மூன்று கேள்விக்கும் விடை சொல்லாமல் வாங்குகிற வண்டி, மணமகனைப் பாராமல் தைத்த சட்டை!

டயரை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறும். உயரம் நூற்றுக்கு நான்கு குறைந்த டயரைப் போட்டால் இழுவை நான்கு கூடும்; இன்ஜின் சுற்றும் அதே அளவு கூடும்; வேகமானி உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும். உயர்ந்த டயரைப் போட்டால் இழுவை குறையும். வேகமானியோ குறைத்துக் காட்டி ஓட்டுநரை ஏமாற்றும்.

ஜோடிச் சக்கரத்தில் ஒன்று புதிது, மற்றொன்று மொட்டை என்று மாட்டுகிறார்களே, அது அதைவிடக் கொடுமை. இரண்டும் ஒரே அச்சிலே பூட்டிய மாடுகள். உயர்ந்தது சுமையைத் தாங்கித் தாங்கிச் சூடேறுகிறது. தாழ்ந்தது தரையிலே இழுபட்டுத் தேய்கிறது. இறுதியிலே வெடிப்பது எது? டயர் மட்டுமா? சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் வாழ்வும் அல்லவா!

இனி இறக்கத்துக்கு வருவோம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வருவோர் அறிவர் தொப்பூர்க் கணவாயை. 2020 டிசம்பரிலே அங்கே ஒரு லாரி வரிசையாக நின்ற கார்கள்மீது மோதியது, நால்வர் மாண்டனர். அந்த விபத்தின் காரணத்தை நாம் இங்கே ஆராயவில்லை. ஆனால் அந்தச் சாலையிலே இறங்கும் ஒவ்வொரு ஓட்டுநரின் காதிலும் ஒலிக்கும் குரல் ஒன்றை நாம் அறிவோம்: "நியூட்ரலில் விடு, டீசல் மிச்சம்!"

மிச்சமா? பச்சைப் பொய்! கியரிலே இறங்கும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும், இன்றைய இன்ஜின் டீசல் பாய்ச்சுவதையே நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியே வண்டியைப் பிடித்து நிறுத்தும் கை. நியூட்ரலிலோ இன்ஜின் தானாக ஓடியாக வேண்டும்; டீசல் குடித்தாக வேண்டும். பிடிக்கும் கையும் போயிற்று. பாரம் முழுவதும் பிரேக் டிரம்மின் தலையிலே. டிரம் காய்கிறது, காயக் காயப் பிடிப்புக் குறைகிறது. ஏறுகிற கியரிலே இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் சொன்னது வெறும் பழங்கதை அன்று. 4.11 அச்சு உள்ள வண்டி என்றால், இன்ஜின் அதே அளவு பிடிக்க இன்னும் ஒரு கியர் கீழே வர வேண்டும். தன் அச்சின் எண்ணையே அறியாத ஓட்டுநருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்?

2018 ஜூலையிலே மத்திய அரசு சுமை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன் இருந்தது, 18.5 ஆயிற்று. மூன்று அச்சு லாரிக்கு 25 டன் இருந்தது, 28.5 ஆயிற்று. ஏட்டிலே எடை ஏறிற்று. பினியனின் பல்லும் கூடவே ஏறிற்றா? மேடு தாழ்ந்து கொடுத்ததா? புதிய சுமைக்குப் பழைய கணக்கு என்றால், அந்த இடைவெளியை நிரப்புவது ஓட்டுநரின் முழங்காலும் முதுகெலும்பும்தான்.

"முதலாளிக்கும் கஷ்டம் இல்லையா?" என்பர். உண்டு. ஒற்றை லாரி வைத்துக்கொண்டு, தவணைத் தேதி வந்தால் தூக்கம் இழக்கும் முதலாளிகளை நாம் அறிவோம். அவர்களில் பலர் நேற்றுவரை கிளீனராக இருந்தவர்கள். இன்றும் தாமே ஓட்டுபவர்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறோம். பொருந்தாத அச்சு, மேட்டிலே கிளட்ச்சை எரிக்கும். சமவெளியிலே டீசலை எரிக்கும். வாங்கும் நாளில் மிச்சப்பட்டது வழியெல்லாம் செலவாகும்.

ஆகவே நாம் கேட்பது பெரிய சலுகை அன்று. சேசிஸ் பேசும் மேசையிலே ஓட்டுநருக்கு ஒரு நாற்காலி. அச்சின் விகிதமும் டயரின் அளவும் தமிழிலே எழுதிய ஒரு தகடு, ஓட்டுநர் கண்ணெதிரே. ஜோடி டயர் ஜோடியாகவே மாற்றப்படும் என்ற உறுதி. மைலேஜ் குறைந்ததென்று பேட்டாவைப் பிடிக்குமுன், குறை காலிலா, கூண்டிலா என்று பார்க்கும் நேர்மை.

தோழர்களே! சங்கக் கூட்டத்திலே இந்தக் கணக்கைப் போடுங்கள். சாக்கட்டி எடுத்துத் தரையிலே போடுங்கள். கிரவுனின் பல்லைப் பினியனின் பல்லால் வகுக்கத் தெரிந்த தொழிலாளியை, "உனக்கென்ன தெரியும்?" என்று எவரும் வாயடைக்க முடியாது. இருட்டிலே தொப்பூர் இறங்குகிறவர் கையிலே ஸ்டியரிங் இருக்கிறது. கணக்கும் அந்தக் கையிலேயே இருக்கட்டும்!