வழிகாட்டிப் புத்தகம் எழுதுறது குத்தமா?

காஸ்ட் அக்கவுண்டிங் கைடு வாங்கப் போன இடத்தில்தான் இந்தக் கட்டுரைக்கான விஷயம் மாட்டியது. பழைய புத்தகக் கடை அடுக்கில், அட்டை கிழிந்த ஒரு தடிப் புத்தகம். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் இருக்கும் பாலைவனப் பள்ளத்தாக்குகளில் நடப்பவர்களுக்காக மைக்கேல் கெல்சி என்பவர் எழுதிய வழிகாட்டி. முதன்முதலில் வந்தது 1986ல். கடைக்கார அண்ணன் 60 ரூபாய் சொன்னார். கைடு கேட்டு வந்தேன், இதுவும் கைடுதானே என்று வாங்கிவிட்டேன். (செமஸ்டர் ரிசல்ட் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.)

எனக்கு பாஸ்போர்ட்கூட இல்லை. யூட்டா மாநிலத்துக்கு இப்போதைக்குப் போகப்போவதும் இல்லை. ஆனாலும் மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரே மாதிரி தலைப்புகள்: எப்படிப் போய்ச் சேருவது, பாதை எப்படி, எவ்வளவு நேரம் ஆகும், தண்ணீர் எங்கே, எந்த மாதத்தில் போகலாம், எந்த மாதிரி ஷூ. கூடவே கையால் வரைந்த மேப். தான் போனபோது எப்படி இருந்தது என்று நாலு வரி. நல்ல பேலன்ஸ் ஷீட் படிக்கிற சுகம் அதில் இருந்தது. சிரிக்காதீர்கள், காமர்ஸ்காரனுக்கு அதுதான் இலக்கியம்.

ரூம்மேட்டிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "டேய், இந்த மாதிரி புக்கு போட்டுத்தான்டா எல்லா எடத்தையும் நாசம் பண்றானுங்க. தெரிஞ்சவன் வாய மூடிக்கிட்டு இருந்தா அந்த எடம் அப்படியே இருக்கும்ல?" என்றான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை. அதில் என் பக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யூட்டா, அரிசோனா எல்லையில் 'தி வேவ்' என்று ஒரு இடம். அலை அப்படியே கல்லாகிப் போன மாதிரி வளைந்து கிடக்கும் மணற்பாறை. ரொம்ப வருஷமாக ஒரு நாளைக்கு 20 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் குலுக்கல் முறையில். 2021ல் அதை 64 ஆக்கினார்கள். அப்போதும் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவில்லை. படம் பரவியது, பேர் பரவியது, கூட்டம் வந்துவிட்டது.

கூட்டம் வந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். அந்தப் பாலைவனத்து மண்ணின் மேல் பல இடங்களில் கறுப்பாக ஒரு பொருக்கு படிந்திருக்கும். பார்க்க அழுக்கு மாதிரி இருந்தாலும் அது உயிருள்ளது. நுண்ணுயிரிகளும் பாசியும் லைக்கனும் சேர்ந்து வளர்ந்த தோல். காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமல் பிடித்து வைப்பதே அதுதான். ஒரு ஷூ மிதித்தால் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள்கூட ஆகும். ஆக, ரூம்மேட் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஆனால் வாயை மூடிக்கொண்டால் இடம் பிழைத்துவிடும் என்கிறானே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. கிளென் கேன்யன் கதையைப் பாருங்கள். 1950களில் டைனோசர் தேசிய நினைவுப் பகுதிக்குள் எக்கோ பார்க் என்ற இடத்தில் ஓர் அணை வருவதாக இருந்தது. சியரா கிளப் உள்ளிட்ட அமைப்புகள் போராடி அதை நிறுத்தின. 1956ல் முடிந்த அந்தச் சமரசத்தில் கிளென் கேன்யன் அணையை எதிர்க்காமல் விட்டுவிட்டார்கள். சியரா கிளப்பை அப்போது நடத்திவந்த டேவிட் ப்ரோவர் கிளென் கேன்யனைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பிற்பாடு போய்ப் பார்த்தார். சாகிற வரைக்கும் அதை நினைத்து வருந்தினார்.

1963ல் அணையின் கதவுகளை மூடினார்கள். அதே வருஷம் எலியட் போர்ட்டர் எடுத்த படங்களோடு சியரா கிளப் ஒரு புத்தகம் போட்டது. 'யாரும் அறியாத இடம்' என்று அர்த்தம் வருகிற தலைப்பு. (நவஹோ மக்களுக்கும் பையூட் மக்களுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த இடம்தான். 'யாரும்' என்ற கணக்கில் அவர்கள் வரவில்லை போல.) அணைக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய புத்தகம், தண்ணீர் ஏற ஆரம்பித்த பிறகு வந்தது. 1980ல் ஏரி முழுசாக நிரம்பியது. முன்பே ஒரு வழிகாட்டி வந்திருந்தால் அணையே வந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் பத்தாயிரம் பேர் நடந்து பார்த்த இடத்துக்குப் பத்தாயிரம் சாட்சிகள் இருந்திருப்பார்கள். யாரும் பார்க்காத இடத்தைக் கணக்கில் பூஜ்யம் என்று எழுதுவது ரொம்ப சுலபம்.

ரகசியத்தில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. வாயை மூடிக்கொள்வது என்றால் யார் வாயை? அங்கேயே வீடு இருக்கிறவனும், நாலு நண்பர்கள் காதில் மட்டும் சொல்கிறவனும் ஜாலியாகப் போய்வருவார்கள். யாரையும் தெரியாதவனுக்கு இருக்கிற ஒரே வழி புத்தகம்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். இடம் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம். அங்கே சில பள்ளத்தாக்குகள் நம்மூர் சந்தைவிடக் குறுகல். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும், மேலே வானம் ஒரு கோடு. பாறை தண்ணீரைக் குடிக்காது. எங்கேயோ பெய்த மழை மொத்தமும் அந்தச் சந்துக்குள் வந்து இறங்கும். 1997 ஆகஸ்ட் 12, அரிசோனாவின் லோயர் ஆன்டலோப் கேன்யனில் 11 பேர் அப்படித்தான் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி. 2015 செப்டம்பர் 14, யூட்டாவில் சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் 7 பேர். அவர்களிடம் முறையான அனுமதிச் சீட்டு இருந்தது.

'127 ஹவர்ஸ்' படம் பலருக்குத் தெரியும், ஏ.ஆர். ரஹ்மான் இசை. அந்தக் கதை நிஜத்தில் நடந்தது 2003 ஏப்ரலில், யூட்டாவின் புளூஜான் கேன்யனில். ஆரன் ரால்ஸ்டனின் வலது கையை ஒரு பாறை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, கடைசியில் கையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குப் பாதை தெரியாமல் இல்லை. எங்கே போகிறேன் என்று ஒருத்தரிடமும் சொல்லாமல் போனதுதான் தப்பு.

புத்தகத்தில் தப்பு இருந்து, அதை நம்பிப் போய் ஒருத்தர் மாட்டினால் யார் பொறுப்பு? மெர்க்கண்டைல் லா படிக்கிறவனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? 1991ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றுக்கு ஒரு வழக்கு வந்தது. காளான்கள் பற்றிய ஒரு கலைக்களஞ்சியத்தை நம்பி, இரண்டு பேர் காளான் பறித்துச் சாப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. பதிப்பகம் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. விமான மேப்பைத் திசைகாட்டி மாதிரி ஒரு பொருளாகப் பார்க்கலாம், ஆனால் இந்த மாதிரிப் புத்தகம், திசைகாட்டியை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்கிற புத்தகம் மாதிரி. உள்ளே இருப்பது கருத்து என்றார்கள். எழுத்துச் சுதந்திரத்துக்கு அது சரிதான். ஆனால் சட்டம் கேட்காது என்பதால் எழுதுகிறவரின் பொறுப்பு குறையாது, கூடத்தான் செய்கிறது. ஆகவே, ஒரு காமர்ஸ்காரனாக என் கோரிக்கைகள் நாலு.

ஒன்று, தேதி போட வேண்டும். பேலன்ஸ் ஷீட்டில் இன்ன தேதியில் இருந்த நிலவரம் என்று போடுகிறோமே, அதே மாதிரி. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மணலும் மரக்கட்டையும் இடம் மாறும், நேற்று நடந்த இடத்தில் இன்று நீந்த வேண்டியிருக்கும். என் பிரதியில், ஒரு ஊற்றின் பெயருக்குப் பக்கத்தில் முன்பு வைத்திருந்தவர் பென்சிலில் 'காய்ந்துவிட்டது, ஜூன்' என்று ஆங்கிலத்தில் கிறுக்கியிருக்கிறார். அச்சில் தண்ணீர் இருக்கிறது, பென்சிலில் இல்லை. நான் பென்சிலைத்தான் நம்புவேன்.

இரண்டு, எங்கே திரும்ப வேண்டும் என்று எழுத வேண்டும். இந்த இடத்துக்கு அப்புறம் மேலே ஏற வழி கிடையாது, மேகம் இருந்தால் இங்கேயே திரும்பு என்று அழுத்தமாக. கண்டிஞ்சென்ட் லயபிலிட்டியை அடிக்குறிப்பில் ஒளித்து வைக்கிற கம்பெனியை நாம் என்ன சொல்வோம்?

மூன்று, நேரக்கணக்கு யாருடையது என்று சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க மலையேறுகிறவர் நாலு மணி நேரத்தில் முடித்தால், அது என் கணக்கு ஆகாது. ஹாஸ்டல் மூன்றாவது மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்.

நான்கு, சிலதை எழுதாமல் விட வேண்டும். அந்தப் பள்ளத்தாக்குகளில் பழங்குடி மக்களின் முன்னோர் கட்டிய வீடுகளும், தானியக் குதிர்களும், பாறை ஓவியங்களும் இருக்கின்றன. அங்கே தோண்டித் திருடி விற்கிற கும்பல் உண்டு. 2009ல் இதற்காக 20க்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்கே பாய்ந்தது. ஹோப்பி, சூனி மக்களுக்கு அது சுற்றுலா இடம் இல்லை, பாட்டன் முப்பாட்டன் வீடு. வழி சொல்லுங்கள், அந்த வீட்டுக்கு மட்டும் வழி சொல்லாதீர்கள். இந்த ஒன்றில் ரூம்மேட்டும் நானும் ஒரே கட்சி.

"இப்பல்லாம் போன்ல ஜிபிஎஸ் இருக்குடா, புக்கு எதுக்கு?" என்று கடைசியில் ஒரு குண்டு போட்டான். அந்தக் குறுகல் சந்துக்குள் ஜிபிஎஸ் தடுமாறும், போன் டவர் அநேகமாகக் கிடைக்காது. கிடைத்தாலும் அந்த நீலக் கோடு எப்படிப் போவது என்று மட்டும்தான் காட்டும். இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்பதை, போய்த் தடுமாறித் திரும்பி வந்த ஒரு ஆள்தான் சொல்ல முடியும். அதற்குத்தான் புத்தகம்.

ரூம்மேட் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நேற்று ராத்திரி என் மேஜையில் புத்தகத்தைக் காணோம், அவன் தலையணைக்குக் கீழே இருந்தது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? சொல்லுங்கள், மறுபடியும் சண்டை போடலாம்.