சத்தத்தைக் கூட்டு கண்ணு

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இந்த ஊர் நிதானமாக விடிகிற நாள். எட்டரை மணிச் சங்குக்கு ஓட வேண்டியதில்லை, ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குமேல் சோறு வடிக்க வேண்டியதில்லை. லைன் வீடுகளில் பத்து மணிக்கே கறிக்குழம்பு கொதிக்கத் தொடங்கிவிடும். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுப் பெண்கள் டிவி இருக்கிற வீட்டில் கூடுவார்கள்.

எங்கள் பெரியம்மா அன்றைக்கும் சும்மா இருந்ததில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். பிசிர் வெட்டுவதற்கு ஒரு கட்டு பீஸை வீட்டுக்கே எடுத்து வந்துவிடுவார். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தால் மடியில் பனியன், கையில் ட்ரிம்மர். தையல் முடிகிற இடத்தில் தொங்கும் நூலை மட்டும் வெட்ட வேண்டும். முனை துணியில் பட்டால் ஓட்டை, ஓட்டை விழுந்தால் அந்தப் பீஸ் செகண்ட்ஸ். ஆகவே அவர் கண் துணியை விட்டு நகராது, காது மட்டும் டிவியில் இருக்கும். கவுண்டமணி வந்தாலும் வடிவேலு வந்தாலும் குனிந்த தலை நிமிராமல் சிரிப்பார். ஒரே ஒரு குரலுக்குத்தான் ட்ரிம்மரைக் கீழே வைப்பார்.

"சத்தத்தைக் கூட்டு கண்ணு, நம்ம சரளா வந்துட்டா."

கோவை சரளாவை அவர் ஒருநாளும் முழுப்பெயர் சொல்லி அழைத்ததில்லை. நம்ம சரளா. பக்கத்து டேபிளில் ஓவர்லாக் ஓட்டுகிற பெண்ணைச் சொல்வதுபோல. சினிமாக் கொட்டகைக்குப் போக நேரமும் காசும் இல்லாத எங்கள் வீட்டுப் பெண்களுக்கு, சரளா முதலிலும் கடைசியிலும் டிவி நடிகைதான். கேபிள் காலத்தில் ஞாயிறு மதியப் படங்களில் வந்தார். பிறகு ஆதித்யா, சிரிப்பொலி என்று நாள் முழுக்க நகைச்சுவை ஓடும் சேனல்கள் வந்தபோது அன்றாடம் வந்தார். முப்பது வருடத்துக் காட்சிகள் முன்பின் கலந்து ஓடும். ஒரு காட்சியில் கிழவி, அடுத்த காட்சியில் புதுப்பெண்டாட்டி, அதற்கடுத்து மாமியார். அந்த வரிசையில்லாத வரிசையில் பார்த்துப் பார்த்துத்தான் அவருடைய கலை எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கியது.

கோயம்புத்தூர்ப் பெண். பள்ளியில் படிக்கும்போதே நடிக்க வந்துவிட்டார். 1979இல் வந்த 'வெள்ளி ரதம்' முதல் படம். 1983இல் ஏவி.எம். தயாரித்து, கே. பாக்யராஜ் இயக்கி நடித்த 'முந்தானை முடிச்சு'. நம் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் எடுத்த படம். இன்னும் இளம்பெண்ணாக இருந்த சரளாவுக்கு அதில் கர்ப்பிணி வேடம். 1985இல் 'சின்ன வீடு' படத்தில் அதே பாக்யராஜுக்கு அம்மா. பாக்யராஜோ நிஜத்தில் அவரைவிட வயதில் மூத்தவர்.

தலைக்கு வெள்ளை பூசிவிட்டால் கிழவி வந்துவிட மாட்டாள். உட்கார்ந்து எழுவதில், முந்தானையை இழுத்துச் செருகுவதில், மருமகளிடம் பேச்சுக் கொடுக்கும் தோரணையில் வயது வர வேண்டும். அது நம் ஆத்தாக்களையும் அம்மாயிகளையும் கண் கொட்டாமல் பார்த்த பிள்ளைக்குத்தான் வரும். சரளாவுக்கு வந்தது. ஆனால் அந்தத் திறமைக்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. கன்னிப் பருவத்திலேயே அம்மா ஆகிவிட்டவருக்கு அப்புறம் யார் கதாநாயகி வேடம் தருவார்கள்? அவருடைய இளமையைத் தமிழ் சினிமா தாண்டிக் குதித்துப் போய்விட்டது.

அவரைக் கொங்குப் பெண்கள் ஏன் இப்படி உரிமை கொண்டாடினார்கள் என்பதற்கு வருகிறேன். கொங்குத் தமிழ் திரையில் ஏறியதற்குப் பல பேர் காரணம். உடுமலை பக்கத்து வல்லகுண்டாபுரத்துக் கவுண்டமணி, கோவை சத்யராஜ், சூலூர் மணிவண்ணன். இவர்கள் பேசப் பேசத்தான் இந்த ஊர் லொள்ளும் குசும்பும் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தன. எல்லோரும் ஆண்கள். டீக்கடையிலும் திண்ணையிலும் ஆண்கள் பேசுகிற கொங்குத் தமிழ் அது. அடுப்படியில், தண்ணிக் குழாயில், செக்கிங் டேபிளில் பெண்கள் பேசுகிற கொங்குத் தமிழ் வேறு. அதைத் திரையில் இத்தனை காலம் விடாமல் பேசியவர் சரளா ஒருவரே.

இந்தப் பேச்சில் ஒரு விசேஷம் உண்டு. இங்கே சண்டையிலும் மரியாதை போகாது. 'வாங்க' என்பது 'வாங்' என்று தேயும், 'ஏனுங்க' என்பது 'ஏனுங்' என்று சுருங்கும். ஆனால் அந்த 'ங்' மட்டும் விழாது. வீட்டுக்காரரை நாள் முழுக்கத் திட்டுகிற பெண்கூட 'ஏனுங் மாமா' என்றுதான் ஆரம்பிப்பாள். உள்ளே கொதிப்பு, நாக்கில் பணிவு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடம்தான் சரளாவின் ஆடுகளம். குரலை மெல்ல எடுப்பார், ஒரு சொல்லை ரப்பர் மாதிரி இழுப்பார், எதிராளி தப்பித்தோம் என்று மூச்சு விடும்போது உச்சஸ்தாயியில் ஒரு கத்து, உடனே பழையபடி 'ங்' போட்ட பணிவு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சிரிப்பு வரும். பெரியம்மா துணியைப் பார்த்துக்கொண்டே ரசிக்க முடிந்தது அதனால்தான். அப்படியும் நிமிர்ந்து பார்த்தார் என்றால், அந்த முகத்தில் குரலுக்கு மேலும் ஏதோ இருந்தது என்று அர்த்தம்.

1995 பொங்கலுக்கு 'சதி லீலாவதி' வந்தது. பாலு மகேந்திரா இயக்கம், கிரேஸி மோகன் வசனம், கமல்ஹாசன் தயாரிப்பு. கமலுக்குக் கொங்குத் தமிழ் பேசும் டாக்டர் சக்திவேல் வேடம். அவர் மனைவி பழனியாகச் சரளா. நாட்டின் பெரிய கதாநாயகன் ஒருவருக்கு ஜோடியாக, ஆடிப் பாட ஒரு பாட்டோடு, நகைச்சுவை நடிகை ஒருவர் நின்றார். பரமக்குடியில் பிறந்த கமலுக்கு அது கற்றுக்கொண்ட மொழி. சரளாவுக்குத் தாய்மடி மொழி. கமல் எத்தனை நுட்பமாகப் பேசினாலும், பக்கத்தில் சரளா வாயைத் திறந்ததும் ஊர் தெரிந்துவிடும். இருவரும் ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்க்காமல் விட்டுக்கொடுத்து நடித்தார்கள். அந்தப் படத்துக்காகச் சரளாவுக்குத் தமிழக அரசின் விருது கிடைத்தது. பிறகு 'பூவெல்லாம் உன் வாசம்', 'உளியின் ஓசை' படங்களுக்கும் கிடைத்தது.

இதில் இன்னொன்று. 'சின்ன வீடு', 'சதி லீலாவதி' இரண்டுமே, உடம்பு பெருத்த மனைவியைப் பிடிக்காமல் வேறு பெண்ணிடம் போகிற கணவனின் கதை. இரண்டிலும் அந்த மனைவியாக நடித்தவர் கல்பனா. முதல் படத்தில் சரளா கல்பனாவுக்கு மாமியார். பத்து வருடம் கழித்து வந்த இரண்டாவது படத்தில், கல்பனாவுடைய கணவனின் நண்பனுக்கு மனைவி. வயது ஏற ஏற வேடத்தின் வயது இறங்கியது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மாமியாரின் அதிகாரத்தில் ஒரு நடை, கணவனை விட்டுக்கொடுக்காத பழனியின் வேகத்தில் வேறொரு நடை. ஒரே உடம்பு, இரண்டு பெண்கள். 2016இல் மறைந்த கல்பனாவும் சிரிக்கவைத்துக்கொண்டே அழவைக்கத் தெரிந்தவர். இந்த இரண்டு பேரையும் வைத்து முழுநீளப் படம் ஒன்று எழுத யாருக்கும் தோன்றவில்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்றுவரை உண்டு.

வி. சேகரின் குடும்பப் படங்களைச் சொல்லாமல் விடக்கூடாது. 'வரவு எட்டணா செலவு பத்தணா', 'காலம் மாறிப் போச்சு' என்று வரிசையாக வந்த அந்தப் படங்களில் வடிவேலுவும் சரளாவும் ஜோடி. சம்பளம், கடன், சீட்டு, வாடகை என்று அந்தப் படங்களின் கவலை எல்லாம் எங்கள் லைன் வீட்டுக் கவலை. அதில் வடிவேலுவைச் சரளா போட்டு வெளுக்கும் காட்சிகள் வந்தால் அறையே அதிரும். அடிப்பது யாராக இருந்தாலும் அடி சரியல்ல, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த அறையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். முந்தின நாள் சம்பளம் சாராயத்தில் கரைந்து, கேட்டதற்கு அடி வாங்கி, கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்த அக்கா ஒருவர் இருந்தார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு மற்றவர்கள் சிரித்த சிரிப்பு அல்ல. அரை மணி நேரம் உலகம் தலைகீழானது. அந்த அரை மணி நேரத்தை அவருக்குக் கொடுத்தவர் சரளா.

புதிய நூற்றாண்டில் பல நகைச்சுவை நடிகர்கள் ஒதுங்கிப்போனார்கள். சரளா ஒதுங்கவில்லை. ராகவா லாரன்ஸின் 'முனி'யில் தொடங்கி 'காஞ்சனா' படங்கள் வரை, பேய்க்குப் பயந்து நடுங்கும் மகனுக்கு அம்மாவாக வந்தார். 2011இல் வந்த 'காஞ்சனா'வில் அவரும் தேவதர்ஷினியும் மாமியாரும் மருமகளுமாக இருட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பயப்படுகிற காட்சிகளைக் குழந்தைகள் மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து நகைச்சுவை செய்வது நம் படங்களில் அபூர்வம். தெலுங்கிலும் பிரம்மானந்தத்துடன் நடித்து அங்கேயும் வீட்டுக்கு வீடு தெரிந்தவர் ஆகிவிட்டார். இன்று நம் கம்பெனிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெண்கள் தைக்கிறார்கள். விடுதியில் கைபேசியில் இந்தியில் 'காஞ்சனா' பார்த்துவிட்டு, அந்த அம்மா யார் என்று தமிழ்ப் பெண்களிடம் விசாரிக்கிறார்கள். "எங்க ஊருங்க" என்று நம் பெண்கள் சொல்கிறபோது அதில் உள்ள பெருமையைக் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. வடிவேலுவை நம்பி 2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' எடுத்தார்கள். யோகி பாபுவை நம்பி 2021இல் 'மண்டேலா' எடுத்தார்கள். இரண்டும் நல்ல படங்கள், மகிழ்ச்சி. அதே நம்பிக்கை பெண்களுக்குக் கிடைத்ததா? ஆயிரம் படங்களுக்குமேல் நடித்த மனோரமா கதாநாயகியாக நடித்த 'கொஞ்சும் குமரி' 1963ஆம் வருடத்துப் படம். அதற்குப் பிறகு அவரை மையத்தில் வைத்துக் கதை எழுதியவர்கள் எத்தனை பேர்? சிரிக்கவைக்கும் ஆணுக்குக் கடைசியில் ஒரு சிம்மாசனம் உண்டு. சிரிக்கவைக்கும் பெண்ணுக்குக் கதாநாயகனின் வீட்டில் ஒரு மூலை. கறுப்பு என்றும், கத்துகிறாள் என்றும், லட்சணம் இல்லை என்றும் அவளை வைத்தே சிரிப்பு மூட்டுவார்கள். அந்த வசனங்களையெல்லாம் தாங்கிக்கொண்டு, அவற்றுக்கு நடுவிலும் தன் மானம் குறையாமல் நின்றதே சரளாவின் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

2022 டிசம்பர் கடைசியில் பிரபு சாலமனின் 'செம்பி' வந்தது. கொடைக்கானல் மலையில் பேத்தியோடு வாழும் பழங்குடிப் பாட்டி வீரத்தாயி. அந்தப் பேத்திக்குக் கொடுமை நேர்கிறது. பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு பஸ்ஸில் ஏறுகிறாள். அந்த வீரத்தாயிதான் சரளா. இழுவை இல்லை, கத்தல் இல்லை. சுருக்கம் விழுந்த முகமும் கலங்கிய கண்ணுமாகப் படத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். முதல் படத்துக்கும் இதற்கும் இடையே 43 வருடம்.

பெரியம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. முழங்காலும் கண்ணும் முடியவில்லை. 'செம்பி'யை என் கைபேசியில் போட்டுக் காட்டினேன். மடியில் பனியனும் இல்லை, ட்ரிம்மரும் இல்லை. முழுப்படத்தையும் கண்ணெடுக்காமல் பார்த்தார். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இந்தப் புள்ளைய இத்தன நாளா எதுக்குக் கண்ணு சிரிக்கறதுக்கு மட்டும் வெச்சிருந்தாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் கதை எழுதுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இருபதாவது வயதில் தர மறந்ததை இனித் தர முடியாது. ஆனால் சரளா இன்னும் நம்மோடு இருக்கிறார், அந்தக் குரலும் இருக்கிறது. செக்கிங் டேபிளில் தலை நரைத்த ஒரு பெண்ணின் கதையை, அவள் சிரிப்போடும் அழுகையோடும் கொங்குத் தமிழிலேயே எழுதுங்கள். அதை நடிக்க ஆள் கோயம்புத்தூரில் பிறந்து தயாராக இருக்கிறார். அந்தப் படம் டிவியில் வருகிற ஞாயிற்றுக்கிழமை, திருப்பூர் லைன் வீடுகளில் ஒரு பெண்ணும் தலை குனிந்து பிசிர் வெட்டிக்கொண்டிருக்க மாட்டாள்.