அசுரர் வீட்டுப் பெண்கள்

காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. 8-ம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. முடிசூட்டு விழா, யானை, குதிரை, போர்க்களம் எல்லாம் உண்டு. அந்தக் கதையின் நாயகர்கள் அரசர்கள்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஓவியன் வேறு மாதிரி யோசித்திருக்கிறான். நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931-ல் தெரியவந்தன. அவற்றில் ஒன்று திரிபுராந்தகர். சிவன் தேரில் நின்று போரிடுகிறார். எதிரே அசுரர்கள். அவர்களை இறுகப் பற்றிக்கொண்டு அவர்களுடைய பெண்கள் கலங்கி நிற்கிறார்கள்! வெல்லப்போவது சிவன் என்று தெரிந்தும், தோற்பவன் வீட்டுத் துயரத்தை ஓவியன் விட்டுவிடவில்லை. அதுவும் பல போர்களில் வென்ற ராஜராஜன் கட்டிய கோயிலில்.

ஸ்பெயினில் குண்டுவீச்சுக்கு ஆளான ஊரைப் பற்றி 1937-ல் பிக்காசோ வரைந்த 'குவர்னிகா'விலும் விமானம் இல்லை. இறந்த குழந்தையை ஏந்திய தாய்தான் இருக்கிறாள்.

வெற்றியை மட்டும் காட்டும் படம் விளம்பரம். எதிரி வீட்டு அழுகையையும் காட்டுவதே போரைப் பற்றிய ஓவியம். 'எதிரிகள் இத்தனை பேர் பலி' என்ற செய்தியைப் படித்துக் கைதட்டுகிறவர்கள், அந்த அசுரர் வீட்டுப் பெண்களை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.