பலூன்காரரைக் கண்டு பயம்

கலிபோர்னியா மாகாணத்தில் என் தமக்கையின் மகள் வசிக்கிறாள். 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் நானும் என் மனைவியும் அவள் வீட்டுக்குச் சென்று ஒரு மாதம் தங்கியிருந்தோம். ஊர் திரும்பியதிலிருந்து நண்பர்கள் என்னைக் கேட்கும் முதற் கேள்வி, "அந்த ஊர்க் கேளிக்கைப் பூங்காவுக்குப் போனீரா? மனிதர்களைத் தலைகீழாகச் சுழற்றுகிறார்களாமே!" என்பதுதான். போனேன். சுழற்றத்தான் சுழற்றினார்கள். அதைப் பற்றி எழுதினால் பத்திரிகாசிரியர் சந்தோஷப்படுவார்; போடுவதற்குப் படங்களும் கிடைக்கும். ஆனால் அன்றைக்கு எங்கள் கோஷ்டி பயந்தது எந்த யந்திரத்தையும் கண்டு அல்ல. வாசலில் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்த பலூன்காரரைக் கண்டுதான் பயந்தோம்.

காரணத்தைச் சொல்லுவதற்கு முன்னால், நான் செய்த ஒரு காரியத்தை நேயர்களிடம் ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

என் தமக்கை மகள் சென்னையில் பன்னிரண்டு வருஷ காலம் நர்ஸாக இருந்தவள். தினந்தோறும் மாவுத் தூள் தூவிய ரப்பர்க் கையுறைகளை மாட்டுவதும் கழற்றுவதுமாகவே அந்த வருஷங்கள் கழிந்தன. முதலில் கையில் அரிப்பு ஏற்பட்டது. பிறகு தடிப்பு. அதற்குப் பிறகு, பக்கத்தில் வேறொருவர் கையுறையை உதறினாலும் இவளுக்குக் கண் சிவந்து மூச்சு முட்டத் தொடங்கியது. டாக்டர்கள் பரிசோதித்து, "ரப்பர் மரத்துப் பால் உனக்கு ஒவ்வாது. கையுறை மட்டுமல்ல, பலூன் கட்டிய அறைக்குள்ளும் போகாதே. வாழைப்பழமும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுப் பெரியவர்களாகிய நாங்கள் இதைக் கேட்டு என்ன செய்தோம்? சிரித்தோம். உலகத்தில் பாதி ரப்பர்ச் சக்கரத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. இவள் ஒருத்திக்கு மட்டும் ஆகாதாம்! கல்யாண வீட்டில் இலையில் வைத்த பழத்தை அவள் ஒதுக்கினாள். வெற்றிலை பாக்குத் தட்டில் பழம் இருந்தால் கையை இழுத்துக்கொண்டாள். கோயிலில் அர்ச்சகர் கொடுத்த பிரசாதத்தைத் தான் வாங்காமல் என்னை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். நம் குடும்பங்களில் வாழைப்பழம் இல்லாமல் ஒரு நல்ல காரியம் உண்டா? "நாகரிகம் முற்றிவிட்டது" என்று அவள் காதுபடச் சொன்னவன் நானேதான்.

2018-ல் அவளுடைய பெண் குழந்தைக்கு ஆண்டு நிறைவு. பலூன் வேண்டாமென்று அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "பலூன் இல்லாமல் குழந்தைக்கு என்ன விழா? பலூன் கடித்துவிடுமா?" என்று கேட்டுவிட்டு, விடியற்காலையில் நாற்பது பலூன் வாங்கி, பையன்களை ஊதச் செய்து, கூடம் முழுவதும் கட்டி வைத்தேன். அவளை ஆச்சரியப்படுத்த வேண்டுமென்பது என் எண்ணம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். பத்து நிமிஷத்திற்குள் உதடு வீங்கிவிட்டது. குரல் கம்மியது. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் படுத்துவிட்டாள். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் அட்ரினலின் மருந்தையும் ஊசியையும் என் தமக்கை எடுத்துக் கொடுக்க, நடுங்குகிற கையோடு தன் தொடையில் தானே போட்டுக்கொண்டாள். அன்று இரவு ஆஸ்பத்திரியில் கழிந்தது.

மறுநாள் அவள் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "பாப்பாவைக் கீழே போட்டுவிடுவேனோ என்றுதான் பயமாயிருந்தது, மாமா" என்று மட்டும் சொன்னாள். கடிந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இந்த ஒவ்வாமை என்ன என்பதை அதற்குப் பிறகுதான் சிரத்தையாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ரப்பர் மரத்தின் பாலில் ரப்பர் மட்டும் இல்லை. பலவகைப் புரதங்களும் கலந்திருக்கின்றன. சிலருடைய சரீரம் அந்தப் புரதங்களைப் பகைவர் என்று தவறாக எண்ணிவிடுகிறது. ஒரு தடவை அப்படி எண்ணிவிட்டால், பிறகு சிறு துளி கண்ணில் பட்டாலும் தன் படை முழுவதையும் ஏவிவிடுகிறது. தொண்டை வீங்கும், மூச்சுக் குழல் சுருங்கும், இரத்த அழுத்தம் சரிந்துவிடும், சில நிமிஷங்களில் உயிருக்கே ஆபத்து. மோட்டார்ச் சக்கரத்தால் இவ்வளவு தொல்லை வருவதில்லை. அதில் புரதம் மிகக் குறைவு. அச்சைப் பாலில் தோய்த்து உலர்த்திச் செய்கிற மெல்லிய சாமான்கள்தான், அதாவது கையுறையும் பலூனுந்தான், பெரிய சத்துரு. ஒன்றோடொன்று ஒட்டாமலிருப்பதற்காகத் தூவும் மாவு அந்தப் புரதத்தைச் சுமந்துகொண்டு காற்றில் பறக்கிறது. 1824-ல் மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானி ஹைட்ரஜன் வாயுவை ஆராய்வதற்காக முதன் முதலில் ரப்பர் பலூன் செய்தபோதே, உட்புறத்தில் மாவு தடவித்தான் செய்தார். வழக்கம் அவ்வளவு பழையது. தூள் தூவிய மருத்துவக் கையுறைகளை அமெரிக்க சர்க்கார் தடை செய்தது 2017-ம் வருஷத்தில்தான்.

வாழைப்பழத்தின் மர்மமும் விளங்கியது. வாழை, வெண்ணெய்ப் பழம், கிவி, செஸ்ட்நட் கொட்டை இவற்றில் ரப்பர்ப் பாலின் புரதத்தைப் போன்ற சாயலுள்ள புரதங்கள் இருக்கின்றன. சரீரம் சாயலைக் கண்டே ஏமாந்துபோகிறது. ரப்பர் ஒவ்வாத எல்லாருக்கும் பழமும் ஒவ்வாது என்பதில்லை; இவளுக்கு ஒவ்வவில்லை.

1876-ல் விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேஸில் தேசத்திலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் பிறகு மலாய் நாட்டுக்கும் போயின. மலாய்த் தோட்டங்களில் இருட்டோடு எழுந்து மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களில் நம்மவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்து மலைச் சரிவுகளில் மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருப்பதைக் காணலாம். அந்தப் பாலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடம் ஞாபகத்துக்கு வருகிறது.

இனி, பூங்காவுக்கு வருவோம். பெயர் சொல்லப்போவதில்லை. குழந்தைக்கு ஏழு வயதாகிவிட்டது. வகுப்பில் எல்லாரும் அந்தப் பூங்காவுக்குப் போய்வந்துவிட்டார்கள். அவளுடைய தகப்பனார் அழைத்துப் போகலாம். ஆனால் "அம்மா வந்தால்தான் போவேன்" என்கிறாள் பெண்.

ஒரு மாதத்துக்கு முன்பே தாயார் டெலிபோனில் விசாரிக்க ஆரம்பித்திருந்தாள். முதலில் பேசியவர், "எங்கள் பூங்காவில் எல்லாரும் க்ஷேமமாக இருக்கலாம்" என்று பாடம் ஒப்பித்தார். இரண்டாமவர், "அரிப்புத்தானே? களிம்பு தடவிக்கொள்ளுங்கள்" என்று வைத்தியம் சொன்னார். மூன்றாவதாக ஓர் அம்மாள் அகப்பட்டாள். முதலுதவி அறையில் எந்தக் கையுறை, ஆசனத்தில் இறுக்கிப் பிடிக்கும் பட்டையில் என்ன பொருள், பலூன் எந்தெந்த இடத்தில் விற்கிறார்கள் என்று இவள் கேட்ட பத்துக் கேள்விகளில் ஆறுக்கு அவள், "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்றாளாம். இரண்டு நாள் கழித்து எழுத்து மூலமாகவே பதில் வந்தது. தெரியாது என்று சொன்ன அந்த ஒருத்தியின் வார்த்தையை நம்பித்தான் நாங்கள் டிக்கட் வாங்கினோம்.

சமையலறையைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. கலிபோர்னியாவில் 2020 முதல் உணவு விடுதிக்காரர்கள் ரப்பர்ப் பால் கையுறை அணியக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. கையுறையிலுள்ள புரதம் உணவில் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும் என்பதே காரணம்.

புறப்படுவதற்கு முந்திய இரவு எனக்குப் பாடம் நடந்தது. அங்கே பேனா வடிவத்தில் தானாகவே மருந்து செலுத்தும் ஊசி கிடைக்கிறது. பழகுவதற்கென்று ஊசியில்லாத பொம்மைப் பேனா ஒன்றும் உண்டு. நீல மூடியைக் கழற்று, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்புறத்தில் அழுத்து, மூன்று விநாடி பிடித்துக்கொள். துணிக்கு மேலேயே போடலாம். இவ்வளவுதான். என் வேஷ்டியின் மேல் ஏழெட்டுத் தடவை குத்திப் பார்த்தேன். "மாமா, நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் கேட்காதீர்கள், போட்டுவிடுங்கள். உடனே 911-ஐக் கூப்பிடுங்கள். என்னை எழுந்து நடக்க விடாதீர்கள். பதினைந்து நிமிஷத்துக்குள் தெளியாவிட்டால் இரண்டாவது பேனா" என்றாள். நாற்பது பலூன் கட்டிய கையில் அவள் அந்தப் பேனாவைக் கொடுத்தபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை எழுதத் தெரியவில்லை.

வாசல் பலூன்காரரை விட்டு விலகி, காற்று வந்த பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனோம். முதல் ராட்டினத்திலேயே தகராறு. வண்டியில் ஏறுகிறவர்கள் கைப்பை முதலியவற்றைக் கீழே வைத்துவிட வேண்டுமென்பது விதி. விதி சரியானதுதான், உயரத்திலிருந்து விழுகிற செருப்பு கூட மண்டையை உடைக்கும். ஆனால் பேனா இரண்டும் கீழே, அவள் மேலே என்றால்? இடுப்பில் இறுக்கிக் கட்டிய சிறு பையைக் காட்டி விளக்கினாள். பையன் மேலதிகாரியைக் கேட்கப் போனான். எங்களுக்குப் பின்னால் இருநூறு பேர் வரிசை. எல்லாருடைய பார்வையும் அவள் முதுகில். நான்கு நிமிஷம் கழித்து அனுமதி வந்தது. வண்டி தலைகீழாகச் சுற்றியபோது அவள் வாய்விட்டுச் சிரித்ததைக் கீழேயிருந்து கேட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வெண்ணெய்ப் பழமில்லாத பதார்த்தமாகப் பார்த்து வாங்கினோம். அந்த மாகாணத்தில் இது சுலபமல்ல. முதற் கவளம் எடுக்கிறோம். பாப்பா திடீரென்று, "அம்மா, எழுந்திரு" என்றாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வெகு தூரத்தில், கூட்டத்துக்கு நடுவில், பிறந்தநாள் கோஷ்டி ஒன்று பலூன் கொத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தது. தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்விட்டோம். மறுபடியும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட ஒரு மணி நேரமாயிற்று. அத்தனை பெரியவர்கள் இருக்க, ராட்டினங்களைப் பார்க்க வேண்டிய ஏழு வயதுக் கண்கள் பலூனைத் தேடிக்கொண்டிருந்திருக்கின்றன. தாயார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணின் பின்னலை அவிழ்த்து, தேவையில்லாமலே மறுபடியும் பின்னிவிட்டாள்.

சாயங்காலம் புறப்படும் சமயம் ஒரு கடையில் வெள்ளித் தகடு போல மின்னும் மீன் பலூன்கள் தொங்கின. அவை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் உலோகப் பூச்சுப் பூசிச் செய்தவை, ரப்பர் அல்ல. பறந்துபோய் மின்சாரக் கம்பியில் மாட்டாதபடி ஒவ்வொன்றின் கயிற்றிலும் ஒரு சிறு பளு கட்டியே விற்க வேண்டுமென்பது அம்மாகாணத்துச் சட்டம். பாப்பா வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "வாங்கித் தரட்டுமா?" என்றேன்.

"இருங்கள், தாத்தா" என்று சொல்லிவிட்டு, எங்களையெல்லாம் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, தான் மட்டும் கடைக்காரரிடம் போனாள். இது எதனால் செய்தது, இந்தக் கடையில் ரப்பர் பலூனும் ஊதுகிறீர்களா, இரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பதுண்டா என்று வரிசையாகக் கேட்டாள். ஒன்றாக வைத்தால் தாளிலும் தூள் ஒட்டிக்கொள்ளுமென்பது எனக்கே அப்போதுதான் தோன்றியது. அவர் குனிந்து, சாவதானமாகப் பதில் சொல்லி, பெட்டியையும் திறந்து காட்டினார். அவள் திரும்பி, தாயாரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வீடு திரும்புகையில் மோட்டாரின் பின் ஆசனத்தில் தாயும் பெண்ணும் தூங்கிப்போனார்கள். மீன் கூரையில் முட்டிக்கொண்டு வந்தது. பேனாக்கள் இருந்த பை என் மடியில் இருந்தது.