வெயிலுக்கு ஒரு வேன்

பழைய டெம்போ டிராவலரையோ ஈகோவையோ வாங்கி, படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் சுற்ற நினைப்பவர் முதலில் தேடுவது ஒரு பொருள் பட்டியலை. கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஜெர்மனியிலோ கனடாவிலோ இருப்பவர்கள் தங்கள் குளிருக்காகப் போட்ட பட்டியல்கள். அதனால் டீசல் ஹீட்டர் மேலே இருக்கும், விசிறி கீழே எங்கோ கிடக்கும். நமக்குத் தலைகீழ். ஊட்டியின் ஜனவரி இரவைக்கூடக் கம்பளியால் சமாளித்துவிடலாம். மே மாதத்து மதுரையில் நாலு பக்கமும் தகடு அடைத்த பெட்டிக்குள் படுக்க முடியாது. நம் முதல் எதிரி வெயில் என்று ஒப்புக்கொண்டால், எதை வாங்குவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இன்சுலேஷனைப் பற்றித்தான் தப்பான நம்பிக்கை அதிகம். தடிமனாக ஒட்டினால் உள்ளே குளுகுளுவென்று இருக்கும் என்கிறார்கள். அது சூட்டை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது. குளிர் நாட்டில் சூடு வண்டிக்குள் உண்டாகிறது. அதை வெளியே விடாமல் காப்பதுதான் அங்கே வேலை. இங்கே சூடு வெளியிலிருந்து வருகிறது. நாள் முழுக்க வெயிலில் நின்ற வண்டிக்குள் பொழுது சாய்வதற்குள் எப்படியும் இறங்கிவிடும். பிறகு வெளிக்காற்று குளிர்ந்தாலும், அதே இன்சுலேஷன் உள்ளே புகுந்த சூட்டை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். தூங்குகிற ஆளின் உடம்பிலிருந்தே ஏறக்குறைய 70 வாட் சூடு வந்துகொண்டிருக்கும். ஆகவே, வண்டி பார்க்கும்போதே வெள்ளை வண்டியாகப் பாருங்கள். சூட்டை வெளியே தள்ள 12 வோல்ட் விசிறி ஒன்று உயரத்தில் வேண்டும். கூரையில் திறப்பு உள்ள வண்டியானால் அதிலேயே பொருத்தலாம், இல்லாவிட்டால் பின் ஜன்னல் சட்டத்தின் மேல்பக்கம். எதிர்ப்புறம் தாழ்வாகக் காற்று நுழையக் கொசுவலை போட்ட ஜன்னல். இவற்றுக்குப் பிறகே இன்சுலேஷன்.

அதற்கும் வெளிநாட்டுப் பெயர்களைத் தேடி அலைய வேண்டாம். ஏ.சி. மெக்கானிக்குகள் குழாயில் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர், ஷீட்டாகவே ஏ.சி. ஸ்பேர் கடைகளில் கிடைக்கிறது. தகட்டின் வளைவுக்கு வளையும், ஈரத்தை உறிஞ்சாது. கண்ணாடிக் கம்பளி மலிவுதான். ஈரம் ஏறினால் அதன் பயன் போய்விடும், பின்னால் தகடு துருப்பிடிப்பதும் தெரியாது. கடற்கரை ஊர்க்காரர்கள் அதை நினைக்கவே வேண்டாம். பளபளக்கும் ஃபாயில் ஷீட் வேலை செய்ய அதன் ஒரு பக்கமாவது காற்றிடைவெளி வேண்டும்; தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே அழுத்தி ஒட்டினால் அது வெறும் பிளாஸ்டிக். கூரையின் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டங்களைக் கவனியுங்கள். இடைப்பகுதியை எல்லாம் ஒட்டிவிட்டு, சட்டத்தின் மேல் நேரடியாகப் பிளைவுட்டை முடுக்கினால் அந்தச் சட்டம் வழியாகவே சூடு இறங்கும். சட்டத்தின் மேலும் ரப்பர் பட்டை ஒன்று ஒட்டிய பிறகு முடுக்க வேண்டும். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் ஒரு காலைப் பொழுது நின்று பார்த்தால் இப்படிப்பட்ட நுணுக்கங்கள் நிறையத் தெரியவரும். அலுமினிய ஆங்கிள், ரப்பர் பீடிங், வழுக்காத வினைல் தரை எல்லாம் அவர்களுக்கு அன்றாடப் புழக்கம்.

வெயிலுக்கு அடுத்தது எடை. 18 மி.மீ. பிளைவுட் எட்டடிக்கு நாலடி ஷீட் ஒன்று 35 கிலோ அளவுக்கு வரும். வீட்டு அலமாரி செய்கிற ஆசாரி பழக்கத்தில் அதைத்தான் எழுதிக் கொடுப்பார். வேனில் படுக்கைப் பலகைக்கு 12 மி.மீ., அலமாரிக் கதவுக்கு 9 மி.மீ. போதும், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளையாக இருக்கட்டும். பி.வி.சி. ஃபோம் போர்டு தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் சூட்டில் இளகும். சிங்க் அடியில் வைக்கலாம், கூரைக்கு ஆகாது. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. தனியாக டேங்க் செய்வதைவிட 20 லிட்டர் கேன்கள் இரண்டும் கால் பம்பு ஒன்றும் போதும்; எந்த ஊர்க் கடையிலும் கேனை மாற்றிக்கொள்ளலாம். ஆர்.சி. புத்தகத்தில் வெற்று எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். அந்த வித்தியாசத்துக்குள் ஆட்களும் அடங்க வேண்டும் என்பதால், வேலை பாதி முடிந்ததும் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

மின்சாரத்தில் கடைக்காரர் சொல்வதற்கு முன் காகிதத்தில் ஒரு கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் 50 வாட். நம் சூட்டில் பாதி நேரம் ஓடினால் நாளுக்கு 600 வாட்-மணி. 25 வாட் விசிறி இரண்டு, பத்து மணி நேரத்துக்கு 500. விளக்கு, போன், லேப்டாப் சேர்த்து 150. மொத்தம் 1,250. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி 1,280 வாட்-மணி கொண்டது. ஏறக்குறைய 1,000 வரை எடுக்கலாம், எடை 12 கிலோ அளவில். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கிடைப்பது 900, எடையோ 50 கிலோவைத் தாண்டும். ஏ.சி. வைக்க ஆசைப்படுவோரும் இதே கணக்கைப் போடட்டும்: 800 வாட் இழுக்கும் ஏ.சி. அந்த லித்தியத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான் ஓடும். சோலாரில் நம்மூருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குளிர்ச்சிக்காகப் புளியமர நிழலில் நிறுத்தினால் கூரைப் பலகை தூங்கிவிடும். மடித்து வெயிலில் கொண்டுபோய் வைக்கும் பலகையும், வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்றும் டி.சி.-டி.சி. சார்ஜரும் அதைவிட உபயோகம்.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். 5 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜ் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 0.86 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் 0.2 தான். வீட்டில் 230 வோல்ட்டில் கண்டுகொள்ளாத இந்த இழப்பு 12 வோல்ட்டில் ஃபிரிட்ஜையே நிறுத்திவிடக்கூடும். ஃப்யூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

சமையலை முடிந்தவரை கதவுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளிப்பக்கம் துளை வேண்டும் என்பது அதனால்தான். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். நிறமும் வாசனையும் இல்லாத அந்த வாயுவுக்கு ஓர் அலாரம், ஃபிரிட்ஜுக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள்.

சட்டத்தைக் கடைசியில் வைத்தேன், நீங்கள் முதலில் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இருக்கையைக் கழற்றுவதும் கூரையை அறுப்பதும் அதில் வரும். 1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குச் செய்த ‘கேம்பிங் பாக்ஸ்’ கழற்றி வைக்கக்கூடிய மரப்பெட்டி: வாரநாளில் சரக்கு, விடுமுறையில் படுக்கை. பாடியில் துளை போடாமல் உள்ளே போல்ட் போட்டு நிறுத்தும் அப்படியொரு பெட்டி, ஈகோ அளவு வண்டிக்கு இன்றைக்கும் சரியான வழி என்பது என் கட்சி. அதையும் தாண்டிப் போவதானால், முதல் பிளைவுட் வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்து மூலம் பதில் வாங்கிவிடுங்கள்.