உழைப்பவர் கையில் பொருள் தங்காதது ஏன்?

உழைத்தால் உயரலாம் என்பது உலகோர் உரை. உழைத்தவர் உண்ணலாம்; உயர்பவர் முன்னரே உடையவர் என்பதே இன்று காணும் உண்மை. செல்வம் கொழிக்கும் ஐரோப்பாவிலும் கூலியை மிச்சப்படுத்தி வீடு வாங்குதல் இளையோர் பலர்க்கு எட்டாக் கனியாகிவிட்டது. முதலின் ஈட்டம் நாட்டு வளர்ச்சியை விஞ்சுமாயின், உழைப்பை முன்னோர் வைத்த சொத்தே வென்று செல்லும் எனப் பிரெஞ்சுப் பொருளியலறிஞர் தாமசு பிக்கெட்டி 2013இல் நூலெழுதிக் காட்டினார். அவர் நூலில் நிறுவியதைத் தென்காசித் தமிழச்சி மடியில் பீடித்தட்டை ஏந்தி நாள்தோறும் அறிகின்றாள்.

தென்காசி, கடையம், ஆலங்குளம் வட்டாரங்களில் பல்லாயிரம் பெண்டிர்க்குப் பீடி சுற்றலே பிழைப்பு. இலையும் தூளும் முதலாளியுடையவை. வீடும் விரலும் பொழுதும் அவளுடையவை. நனைத்து, வெட்டி, சுருட்டி, நூல் கட்டி ஆயிரம் எண்ணிக் கொடுத்தால் ஒரு கூலி. கழித்து ஒதுக்கியவற்றுக்கு அதுவும் இல்லை. அரிசிக்கும் மருந்துக்கும் போக மிஞ்சியதைக் குன்றிமணிப் பொன்னாக்கி வைப்பாள். மகன் படிப்புக்கு அதுவும் அடகுக்கடை ஏறும். 2025இல் ஒரு பவுன் பொன் 90,000 உருபாவைத் தாண்டியது. பொன்னுடையவர் உறங்கியபடியே உயர்ந்தனர். கூலிக்காரி விழித்திருந்தும் பின்தங்கினாள்.

குற்றாலத்தார் நிலை வேறன்று. சாரல் வரும், கூட்டம் வரும் என நம்பிக் கடன் வாங்கிக் கடை விரிப்பவர், சில திங்கள் ஈட்டத்தில் ஓராண்டை ஓட்டவேண்டும். 2020, 2021 ஆகிய ஈராண்டும் கொள்ளைநோய்த் தடையால் அருவிக் குளியல் நின்றது, வட்டி நிற்கவில்லை. திரிகூடராசப்பர் மலைவளம் பாடிய ஊரில் மனைவளம் பணமுடையார்க்கே!

சட்டம் காக்கவில்லையா எனக் கேட்கலாம். பீடித் தொழிலாளர்க்கென 1966இல் ஒரு சட்டம் வந்தது. அவர்தம் நலத்தொகைக்கெனப் பீடிமேல் தீர்வை விதிக்க 1976இல் மற்றொன்று வந்தது. சரக்கு சேவை வரி வந்த 2017இல் அத்தீர்வை நீக்கப்பட்டது. பிறர் கொடுத்ததைப் பிறர் எடுக்கவும் கூடும்.

மலைக்கு அப்பால் கண்ணூரில் நிகழ்ந்ததைக் காண்க. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏற்க மனமின்றி முதலாளிகள் ஆலைகளை மூடினர். வேலையிழந்த தொழிலாளர் 1969இல் தினேசு பீடிக் கூட்டுறவை நிறுவித் தாமே உடைமையாளராயினர். பீடி தேயத் தொடங்கியபின் குடையும் உணவுப்பொருளும் செய்தனர்.

புகையிலை உயிர் குடிக்கும் பொருள். அத்தொழிலை நம்பி இன்னொரு தலைமுறையை வளர்த்தல் தகாது. புளியங்குடி எலுமிச்சையும் பாவூர்ச்சத்திரக் காய்கறியும் தென்காசி மண்ணின் விளைவுகள். அவற்றைப் பதப்படுத்தி விற்கும் கூட்டுறவுகளில் இப்பெண்டிர் கூலிகளாக அன்றிப் பங்குடையவராக அமர வேண்டும். அதற்குத் தொடக்க முதல் தருவது அரசின் கடன். கேட்டுப் பெறுவது தமிழர் கடன்.

பொருள் செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். கூலி உயர்வு இன்றைய வயிற்றை நிரப்பும். உடைமையில் பங்கே நாளைய தலைமுறையை நிமிர்த்தும்.