வாசலிலேயே மறிக்கப்படும் வாக்குரிமை!



மண்டியில் விடியற்காலையில் லாரி வந்து இறங்குகிறது. முதலாளி தனக்கு வேண்டிய நாலு பேரை மட்டும் உள்ளே விட்டு, சரக்கைப் பொறுக்க விடுகிறார். வெயில் ஏறிய பிறகு கதவைத் திறந்து, "வாருங்கள், இந்த இரண்டு மூட்டையில் எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு முழுச் சுதந்திரம்!" என்கிறார். லாரி வாடகையை மட்டும் எல்லோர் தலையிலும் கட்டுகிறார். வியாபாரம் தெரிந்த நீங்கள் இதை ஒப்புக்கொள்வீர்களா?

உலகத்துக்கே ஜனநாயகப் பாடம் நடத்தும் அமெரிக்காவில், பல மாநிலங்களில் இதுதான் தேர்தல் முறை!

நம் நாட்டில் கட்சித் தலைமை வேட்பாளர் பட்டியலை வெளியிடுகிறது. அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவே 'பிரைமரி' என்ற முதற்கட்டத் தேர்தல் நடக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நியூயார்க், பென்சில்வேனியா, புளோரிடா போன்ற மாநிலங்களில், ஒரு கட்சியின் பெயரில் பதிவு செய்துகொண்ட வாக்காளர்தான் அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்க முடியும். எந்தக் கட்சியிலும் சேராதவன் வீட்டில் இருக்க வேண்டியதுதான். தேர்தலை நடத்துவது அரசு அதிகாரிகள். செலவு பொதுக் கஜானாவிலிருந்து. வரி மட்டும் எல்லோரிடமும் வாங்குவார்கள், வாக்கு மட்டும் சிலருக்குத்தானாம்!

'நாங்கள் எந்தக் கட்சியையும் சாராதவர்கள்' என்று சொல்லும் அமெரிக்கர்கள் இன்று நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் என்று கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன. 2016 ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த கூத்தைக் கேளுங்கள். டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் சொந்தத் தகப்பனுக்கே வாக்களிக்க முடியவில்லை! குடியரசுக் கட்சியில் பதிவு செய்திருக்கவில்லை. மாற்றிக்கொள்வதற்கான கெடு ஆறு மாதத்துக்கு முன்பே, 2015 அக்டோபரிலேயே, முடிந்துவிட்டது. கோடீஸ்வரன் பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால், கூலிக்காரன் கதி என்ன?

"நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலில் எல்லோருக்கும் வாக்கு இருக்கிறதே?" என்று கேட்பார்கள். இங்கேதான் சூட்சுமம். பிரதிநிதிகள் சபையின் 435 தொகுதிகளில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு கட்சியின் கோட்டை. அங்கே பிரைமரியில் ஜெயித்தவனே உறுப்பினன். நவம்பர் வெறும் சடங்கு. சடங்குக்கு அழைத்துவிட்டு, முடிவெடுக்கும் இடத்தில் கதவைச் சாத்துவது உரிமையா, ஏமாற்றா?

டெக்சாஸ் தந்த பாடம்

இந்தத் தந்திரத்தின் கோர முகத்தைப் பார்க்க வேண்டுமானால் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு காலத்தில் ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு யாரும் ஜெயிக்க முடியாது. அந்தக் கட்சியின் பிரைமரியில் கறுப்பர்கள் வாக்களிக்கக் கூடாது என்று 1923இல் சட்டமே போட்டார்கள். நீதிமன்றம் அதை அடித்தது. உடனே, "இது அரசின் தடையல்ல, எங்கள் கட்சியின் சொந்தத் தீர்மானம்" என்று வேடம் மாற்றினார்கள். 1935இல் உச்ச நீதிமன்றம் அந்த வேடத்தை ஏற்றும் கொண்டது.

ஹூஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் விடவில்லை. 1940இல் தனக்கு வாக்குச்சீட்டு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். வாதாடியவர் தர்குட் மார்ஷல். பின்னாளில் அதே உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர். 1944இல் தீர்ப்பு வந்தது: பிரைமரி என்பது அரசு நடத்தும் தேர்தலின் ஓர் அங்கம், கட்சியின் பெயரைச் சொல்லி நிறத்தின் அடிப்படையில் யாரையும் வெளியே நிறுத்த முடியாது!

நிறத்துக்காகத் தடுப்பதும் கட்சியில் சேராததற்காகத் தடுப்பதும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. முன்னது பெரும் கொடுமை. ஆனால் இரண்டுக்கும் சொல்லப்படும் சாக்கு ஒன்றுதான்: "இது எங்கள் வீட்டு விவகாரம்."

கட்சிகளின் வாதம் என்ன?

நியாயமாகப் பேசுவோம். "எங்கள் வேட்பாளரை எதிர்க்கட்சிக்காரன் வந்து தேர்ந்தெடுப்பதா? வேண்டுமென்றே சோப்ளாங்கியை நிறுத்திவிட்டுப் போவானே?" என்று கட்சிகள் கேட்கின்றன. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவில் எல்லோரும் எந்தக் கட்சியின் வேட்பாளருக்கும் வாக்களிக்கலாம் என்று 1996இல் மக்கள் கொண்டுவந்த முறையை, 2000இல் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்துக்காகவே ரத்து செய்தது.

அதற்கும் வழி பிறந்தது. முதற்கட்டத் தேர்தலைக் கட்சிக்கானதாக இல்லாமல் பொதுவாக நடத்துவது. எல்லா வேட்பாளர்களும் ஒரே சீட்டில், எல்லா வாக்காளர்களும் ஒரே வரிசையில். முதல் இரண்டு இடம் பெறுபவர்கள் நவம்பரில் மோதுவார்கள். வாஷிங்டன் மாநில மக்கள் 2004இல் இதை ஏற்றார்கள். 2008இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கலிபோர்னியா மக்கள் 2010இல் ஏற்றார்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. 2012இல் கலிபோர்னியாவின் 31ஆவது தொகுதியில் ஜனநாயகக் கட்சியினர் நான்கு பேர் நின்று வாக்குகளைச் சிதறடித்தார்கள். அக்கட்சிக்குச் சாதகமான தொகுதியில் குடியரசுக் கட்சியினர் இருவரே இறுதிச் சுற்றுக்குப் போனார்கள்! இதற்கு மருந்தாக, நால்வரை இறுதிச் சுற்றுக்கு அனுப்பி விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையை அலாஸ்கா 2020இல் ஏற்றது. டிரம்பைக் குற்றவாளி என்று 2021இல் வாக்களித்த அவரது கட்சி செனட்டர்கள் ஏழு பேரில், 2022இல் மக்களைச் சந்தித்தவர் லிசா முர்கோவ்ஸ்கி ஒருவர்தான். இந்த முறையில் அவர் ஜெயித்தார். கட்சி வெறியர்களுக்குப் பயப்படாமல் மனசாட்சிப்படி நடக்க ஓர் இடம் கிடைத்தது!

அதனால்தான் கட்சிகளுக்கு எரிகிறது. 2024இல் நெவாடாவில் எதிரும் புதிருமான இரு கட்சித் தலைவர்களும் இந்தச் சீர்திருத்தத்தை எதிர்ப்பதில் மட்டும் ஒன்றாக நின்றார்கள், அது தோற்றது. கொலராடோ, இடாஹோ மக்களும் நிராகரித்தார்கள். விருப்ப வரிசை முறை குழப்பம் தரும் என்ற பிரச்சாரம் எடுபட்டது. அலாஸ்காவிலோ முறையை ஒழிக்கும் முயற்சி ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில்தான் தோற்றது.

சிந்தித்துப் பாருங்கள் சகோதரர்களே! கட்சிக்கு அந்தரங்கம் வேண்டுமானால் சொந்த மண்டபத்தில், சொந்தக் காசில் கூடித் தன் ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. பொதுமக்கள் காசில், அரசு வைக்கும் பெட்டியில் நடப்பது எல்லோருக்கும் பொது. அந்த வாசலில் நின்று, 'நீ எந்தக் கட்சி?' என்று கேட்க எவனுக்கும் உரிமை கிடையாது!